சுபவேளையை வழியனுப்பிய ஸ்டேஷன் மாஸ்டர்

“சாமி, அது போக மாட்டேங்குது.”

“எதுங்க?”

“சுபவேளை.”

இளையசாமி ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

“அது போகாம இருந்தா நல்லதுதானுங்களே?”

“அது ஒரு சாஃப்ட்வேர் சாமி. கம்ப்யூட்டர்ல இருக்கு. நல்ல நேரம், கெட்ட நேரம் சொல்லும். எத்தனை தடவை எடுத்துப் போட்டாலும் மறுநாள் காலையில வந்து உட்கார்ந்துக்குது.”

சாமி கையிலிருந்த தழையைக் கீழே வைத்தார்.

திண்டுக்கல்லிலிருந்து நத்தம் போகிற வழியில், மலையடிவாரத்தில் இருக்கிறது அவருடைய குடில். மாடு கறக்கவில்லை என்று வருவார்கள், மகன் பேசவில்லை என்று வருவார்கள். நானும் போயிருக்கிறேன். கொண்டுபோன குறையை அவர் தீர்த்து வைத்தாரா என்று கேட்டால் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. ஆனால் திரும்பும்போது கையை வீசிக்கொண்டு நடந்து வருவோம். அதற்கே அவர் நன்றாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் குறையோடு போனவர் மட்டும் எனக்குத் தெரிந்து தெய்வசிகாமணி ஒருத்தர்தான்.

தெய்வசிகாமணி ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சாமிக்கு அவருடைய மகன் வயதுதான் இருக்கும். இளையசாமி என்ற பெயரே அதனால் வந்ததுதான். சாமி யாரையும் ஒருமையில் பேசி நான் கேட்டதில்லை. ஆடு, கோழியும் அதில் சேர்த்தி.

“கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா,” என்று ஆட்டிடம் சொல்லிவிட்டு, அதைத் தாண்டி வந்து மரநிழலில் உட்கார்ந்தார்.

“கடையில கொடுத்திருக்கலாமே?”

“கொடுத்தேன் சாமி. உள்ளே இருக்கிறதை மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா ஏத்தித் தரேன்னார் கடைக்காரர். சரின்னு நாள் பார்த்தேன். அழிக்கிறதுக்கு இந்த மாசம் ஒரு நாள்கூட நல்லா இல்லை.”

சாமி சிரிக்கவில்லை. ஆடு மட்டும் செருமியது.

“எடுக்கலைன்னா என்னங்க? அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே.”

தெய்வசிகாமணி வேட்டி முனையைத் திருகினார்.

“அது போனாத்தான் சாமி என் சம்சாரம் வீட்டுக்கு வருவா.”

*

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டர் நினைத்த மாத்திரத்தில் ரயிலை அனுப்பிவிட முடியாது. அடுத்த ஸ்டேஷனைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். பாதை காலியாக இருந்தால் அங்கிருந்து ‘லைன் கிளியர்’ வரும். அது வந்த பிறகுதான் பச்சைக் கொடி.

தெய்வசிகாமணி வேலை பார்த்த காலம் முழுக்க லைன் கிளியர் இல்லாமல் ஒரு வண்டியைக்கூட அனுப்பியதில்லை. அதில் அவருக்குப் பெருமை உண்டு. நியாயமான பெருமைதான். அந்த வண்டிகளில் போனவர்களில் நாமும் இருந்திருப்போம்.

ஓய்வு பெற்ற பிறகு கேட்டு அனுப்ப வண்டியும் இல்லை, கேட்பதற்கு அடுத்த ஸ்டேஷனும் இல்லை. மருமகன் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரில் சுபவேளையை ஏற்றிக்கொண்டார்.

கம்ப்யூட்டரைப் போட்டதும் அது தானே திறந்துகொள்ளும். கோயில் மணி அடிக்கும். ஒரு பெண் குரல் “தற்போது நல்ல நேரம்” என்றோ, “தற்போது ராகு காலம்” என்றோ சொல்லும். முதலில் பயணத்துக்குப் பார்த்தார். அப்புறம் முடி வெட்டிக்கொள்ள. அப்புறம் கரண்ட் பில் கட்ட. கடைசியில் அவர் மனைவி பூரணம் மாவு ஆட்டப் போனால்கூட உள்ளே இருந்து, “கொஞ்சம் பொறு,” என்று சத்தம் வந்தது.

பூரணம் பொறுத்தாள். அவள் ரயில்வே குவார்ட்டர்ஸிலேயே காலம் தள்ளியவள். கிரைண்டரைக் கழுவி வைத்துக்கொண்டு, “என்ன, லைன் கிளியர் வந்திருச்சா?” என்று கேட்பாள். சிரித்துக்கொண்டுதான் கேட்பாள்.

பிறகு ஒரு நாள் வேடசந்தூரிலிருந்து அவள் தம்பி போன் செய்தான்.

“அக்கா, அம்மா உன் பேரையே சொல்லிக்கிட்டு இருக்கு. உடனே கிளம்பி வா.”

பூரணம் பையை எடுத்துக்கொண்டாள்.

“எமகண்டம் நடக்குது,” என்றார் தெய்வசிகாமணி. “போற காரியம் அப்படி. எமகண்டம் முடிஞ்ச உடனே கிளம்பிடலாம்.”

அன்றைக்கு அவள் லைன் கிளியர் வந்ததா என்று கேட்கவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு வழியாக மணி அடித்தது. கிளம்பினார்கள்.

போய் இறங்கியபோது வாசல் நிறையச் செருப்புகள் கிடந்தன.

காரியமெல்லாம் முடிந்தது. தெய்வசிகாமணி ஊருக்குக் கிளம்பினார். பூரணம் எழுந்திருக்கவில்லை.

“அது அந்த வீட்ல இருக்கிற வரைக்கும் நான் வரலைங்க,” என்றாள்.

சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவரும் ஏதாவது சொல்லியிருப்பார், அவளும் சொல்லியிருப்பாள், பேச்சு எங்கேயாவது போய் முடிந்திருக்கும். அவள் மெதுவாகச் சொன்னதால் அவர் தனியாகப் பஸ் ஏறினார்.

*

இதையெல்லாம் சாமி கேட்டு முடித்தார்.

“எப்படிங்க எடுத்தீங்க?”

“திரையில அதோட படம் ஒண்ணு இருக்கும் சாமி. குத்துவிளக்குப் படம். அதைப் பிடிச்சு இழுத்து, அதுலயே ஒரு குப்பைத் தொட்டி இருக்கு, அதுக்குள்ள போட்டேன். தொட்டியையும் காலி பண்ணிட்டேன். விட்டுது சனியன்னு நிம்மதியாத் தூங்கினேன். காலையில கம்ப்யூட்டரைப் போட்டா டங்குனு மணி அடிக்குது.”

சாமி எழுந்து வாசல் படலுக்குப் போனார். படலில் ஒரு தகரப் பலகை தொங்கியது. ‘இளையசாமி குடில்’ என்று யாரோ அன்பாக எழுதிக் கொடுத்தது. எழுத்து ஒன்று மேலே போகும், ஒன்று கீழே இறங்கும். கட்டியிருந்த கம்பியை அவிழ்த்துப் பலகையைக் கொண்டுவந்து தெய்வசிகாமணி கையில் கொடுத்தார்.

“இதை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. காலையில வாங்க.”

“இதை வச்சு என்ன சாமி செய்யணும்?”

“ஒண்ணும் செய்ய வேண்டாம்ங்க.”

தெய்வசிகாமணி பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் அதைப் படித்துவிட்டு மரியாதையாகத் தள்ளி உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் பலகையோடு வந்தார். படல் மொட்டையாக இருந்தது. உள்ளே சாமி கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார்.

தெய்வசிகாமணி பலகையைப் பார்த்தார். சாமியைப் பார்த்தார். மறுபடி பலகையைப் பார்த்தார்.

“நான் எடுத்தது படத்தை மட்டும்தான்,” என்றார். “ஆள் உள்ளேயேதான் இருக்கு.”

“கூழ் குடிக்கிறீங்களா?” என்றார் சாமி.

அன்றைக்குக் குடித்த கூழைப் பற்றி அவர் இன்றைக்கும் பேசுவார். வீட்டில் தனியாகத் தானே பொங்கித் தின்று நாக்கு செத்துப்போயிருந்த சமயம் அது.

*

“சாமி, ஆளைப் பிடிச்சுட்டேன்.”

இந்த முறை குரலில் தெம்பு இருந்தது.

“எங்கிருந்தாங்க?”

“கம்ப்யூட்டருக்குள்ள ஒரு இடத்துல எல்லா சாஃப்ட்வேர் பேரும் வரிசையா இருக்கு. அதுல சுபவேளையைக் கண்டுபிடிச்சேன். பக்கத்துலயே ‘நீக்கு’ன்னு ஒரு பொத்தான். நல்ல நேரம் பார்த்து அமுக்கினேன்.”

“போயிட்டாங்களா?”

தெம்பு இறங்கியது.

“இல்லை சாமி. ஒரு பெட்டி வந்து நிக்குது. ‘இந்த மென்பொருள் பயன்பாட்டில் உள்ளது. மூடிவிட்டு மீண்டும் முயலவும்.’ எத்தனை தடவை அமுக்கினாலும் அதே பெட்டி.”

“யாருங்க பயன்படுத்துறது?”

“அதுதான் சாமி எனக்கும் புரியலை. வீட்ல நான் ஒருத்தன்தான் இருக்கேன்.”

“வேற யாரும் இல்லீங்களா?”

“இல்லை.”

“நல்லாப் பார்த்தீங்களா?”

“பார்த்தேனே.”

“இன்னொரு தடவை பாருங்க.”

அவ்வளவுதான் பதில். சாமி ஆட்டைக் கூட்டிக்கொண்டு மலைப் பக்கம் போய்விட்டார்.

ரயில்வேக்காரர் அல்லவா. தெய்வசிகாமணி முறைப்படி தேடினார். முதல் சந்தேகம் மாடியில் குடியிருக்கும் ஆரோக்கியசாமி மேல். அவருக்கும் இந்த வீட்டு வைஃபைதான். அதன் வழியாக இறங்கி வந்து யாராவது பார்க்கிறார்களோ? பாஸ்வேர்டை மாற்றினார். கொஞ்ச நேரத்தில் ஆரோக்கியசாமி படியிறங்கி வந்தார்.

“சார், நெட் வரலையே.”

“நீங்க சுபவேளை பார்க்கிறீங்களா?”

“எனக்கெதுக்கு சார் அது? மேட்ச் பார்த்துக்கிட்டிருந்தேன். கடைசி ஓவர் சார்.”

அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பாஸ்வேர்டைச் சொல்லி அனுப்பினார். பிறகு இன்டர்நெட் வயரையே பிடுங்கி வைத்துப் பார்த்தார். வாசல் கதவைச் சாத்திப் பார்த்தார். ஜன்னலையும் சாத்தினார். நீக்கு பொத்தானை அமுக்கினார். பெட்டி வந்தது. பயன்பாட்டில் உள்ளது.

வயரை மறுபடி செருகிவிட்டு எழுந்து ஒவ்வொரு அறையாகப் போனார். எதைத் தேடுகிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. கூடத்தில் பூரணம் அன்றைக்கு உட்கார்ந்திருந்த நாற்காலி, வாசலைப் பார்த்துத் திருப்பிப் போட்டபடியே கிடந்தது. அடுக்களையில் கிரைண்டர் காய்ந்திருந்தது. கொடியில் அவருடைய வேட்டிகள் மட்டும் தொங்கின.

வீட்டில் நிஜமாகவே யாரும் இல்லை என்பது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

*

“யாருமில்லை சாமி,” என்றார். வந்த வேகத்தில் உட்காரக்கூட இல்லை. “யாருமே இல்லை. வீடு வெறிச்சுனு கிடக்கு. என்னால முடியலை. நீங்களே வந்து பாருங்க.”

சாமி செருப்பைத் தேடினார்.

“இப்பவேவா? கிளம்புறதுக்கு முன்னால ஒரு...”

சாமி படலைத் தாண்டியிருந்தார். “சாயங்காலம் வந்துடுவேன், பத்திரமா இருங்க,” என்றார் ஆட்டிடம்.

பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையைத் தெய்வசிகாமணிக்கு விட்டுக்கொடுத்தார். ஊர் தாண்டியதும் தெய்வசிகாமணி மெல்லக் கேட்டார்.

“நேரம் பார்க்கிறது தப்பா சாமி?”

“தெரியலீங்க.”

“உங்களுக்கே தெரியலையா?”

“நான் பார்த்ததில்லீங்க.”

“எங்க அப்பா பார்ப்பார். காலண்டர் பின்னால பார்த்துட்டுக் கிளம்பிடுவார்.”

“கிளம்பிடுவாருங்களா?”

“கிளம்பிடுவார்,” என்றார் தெய்வசிகாமணி. ஊர் வரும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

*

வீட்டுக்கு வந்ததும் சாமி கூடத்தில் கிடந்த நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.

“நான் இல்லைன்னு நினைச்சுக்கோங்க. எப்பவும் எப்படி எடுப்பீங்களோ அப்படியே எடுங்க.”

தெய்வசிகாமணி முகம் கழுவினார். திருநீறு பூசினார். கம்ப்யூட்டரைப் போட்டார். மணி அடித்தது.

“தற்போது ராகு காலம்,” என்றது பெண் குரல்.

“கொஞ்சம் இருக்கணும் சாமி. வேண்டாததை எடுக்கிறதா இருந்தாலும் நல்ல நேரத்துல எடுக்கணும் இல்லையா.”

சாமி தலையாட்டினார்.

காப்பி போட்டுக் கொண்டுவந்தார் தெய்வசிகாமணி. டிக்காஷன் தூக்கலாக, சர்க்கரை மறந்துபோய், வாயில் வைக்க முடியாத காப்பி. சாமி அதைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, “நல்லா இருந்துச்சுங்க,” என்றார். சாமியார்கள் பொய் சொல்லலாமா என்று தெரியவில்லை. இந்தப் பொய்க்கு ஒன்றும் ஆகாது.

காத்திருந்தார்கள். மாடியில் ஆரோக்கியசாமியின் மேட்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

மணி அடித்தது.

“தற்போது நல்ல நேரம்.”

தெய்வசிகாமணி பரபரப்பானார். சுபவேளையைச் சின்னதாக்கித் திரையின் மூலையில் ஒதுக்கி வைத்தார். அதில் நல்ல நேரம் முடிய இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று சிவப்பு எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன. அதை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே வரிசையைத் திறந்தார். பெயரைத் தேடினார். நீக்கு என்பதை அமுக்கினார்.

பெட்டி வந்தது.

“பாருங்க சாமி. உங்க எதிர்லயே சொல்லுது. பயன்பாட்டில் உள்ளதாம்.”

சாமி எட்டிப் பார்த்தார்.

“மூலையில அது என்னங்க?”

“எது? இதுவா? இது நேரம் ஓடுது சாமி. நல்ல நேரம் முடியறதுக்குள்ள எடுத்தாகணும் இல்லையா, அதுக்காக நான் எப்பவும் திறந்து வச்சு...”

நின்றுவிட்டார்.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

“எப்பவும் திறந்தேதான் இருக்குங்களா?”

“எப்பவும்.”

“யாரு திறந்து வைக்கிறது?”

தெய்வசிகாமணி திரையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். மூலையைப் பார்த்தார்.

“நான்தான் சாமி.”

பிறகு சிரித்தார். முதலில் மூக்கு வழியாக, அப்புறம் வாய் விட்டு. “பாவம், மாடி வீட்டுக்காரரோட கடைசி ஓவரைக் கெடுத்தேனே,” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. துண்டால் துடைத்தார். துடைத்த பிறகும் வந்தது.

சாமி காத்திருந்தார்.

*

இனி மூடுவதுதான் பாக்கி. மூலையிலிருந்த அந்தச் சின்னக் கட்டத்தின் உச்சியில் ஒரு பெருக்கல் குறி. அம்புக்குறியை அதன் மேல் கொண்டுபோய் வைத்தார். விரல் இறங்கவில்லை.

“இதை மூடிட்டா, நான் எடுக்கிறப்ப நல்ல நேரம் நடக்குதா இல்லையான்னு எனக்குத் தெரியாது.”

“ஆமாங்க.”

“தெரியாமலே எடுக்கணும்.”

“ஆமாங்க.”

“இந்தக் கை லைன் கிளியர் இல்லாம ஒரு கூட்ஸ் வண்டியைக்கூட அனுப்பினதில்லை சாமி.”

சாமி அந்தக் கையைப் பார்த்தார்.

“இவங்க உங்க வீட்டுக்கு எப்ப வந்தாங்க?” என்று கேட்டார்.

“யாரு, சுபவேளையா? நான் ரிட்டையர் ஆன புதுசுல.”

“வந்து என்ன செஞ்சாங்க?”

“என்ன செஞ்சது? எங்க மாமியார் முகத்தைக் கடைசியாப் பார்க்க விடாம...”

“அது பின்னாலங்க. முதல்ல வந்தப்ப?”

தெய்வசிகாமணி யோசித்தார். அதை அவர் யோசித்து வெகு காலம் ஆகியிருந்தது.

“அப்ப நான் படுக்கையிலேயே கிடந்தேன் சாமி. எழுந்து என்ன பண்றதுன்னு தெரியலை. தூரத்துல வண்டி சத்தம் கேட்கும். எனக்கும் அதுக்கும் இனி சம்பந்தம் இல்லைன்னு நினைக்கிறப்ப, என்னமோ மாதிரி வரும். சாப்பாடு இறங்கலை. பூரணம் பயந்தே போயிட்டா. அப்பதான் இதை ஏத்தினேன். மறுநாள் காலையில மணி அடிச்சுது. நல்ல நேரம்னு சொல்லுச்சு. சரி, சொல்லுதே, எதையாவது செய்வோம்னு எழுந்து ஷேவ் பண்ணினேன். மார்க்கெட்டுக்குப் போனேன். கத்திரிக்காய் வாங்கிட்டு வந்தேன். பூரணம் அன்னைக்கு எண்ணெய்க் கத்திரிக்காய் பண்ணினா. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே சாப்பிட்டோம்.”

“நல்ல காரியம் பண்ணியிருக்காங்க,” என்றார் சாமி.

“பண்ணுச்சு சாமி. இல்லைன்னு சொல்ல மாட்டேன்.”

சாமி நாற்காலியிலிருந்து எழுந்தார். திரைக்கு முன்னால் நின்று கை கூப்பினார்.

“இவரைப் படுக்கையிலேருந்து எழுப்பி விட்டீங்க. ரொம்ப நன்றிங்க. இனிமே நாங்க பார்த்துக்கிறோம்.”

அதில் கேலி இல்லை. ஆட்டிடம் பேசுகிற அதே குரல்தான்.

தெய்வசிகாமணியும் எழுந்து நின்றார். கை கூப்பினார். என்ன சொல்வதென்று தெரியாமல், “நல்லா இரு,” என்றார். பிறகு குனிந்து மூடினார்.

மூலை காலியானது.

நீக்கு என்பதை அமுக்கினார். ‘உறுதியாக நீக்க வேண்டுமா?’ என்று கேட்டது. ஆம் என்றார். ஒரு பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நகரத் தொடங்கியது.

அவர் உட்காரவில்லை. வண்டி ஸ்டேஷனைத் தாண்டும்போது கடைசிப் பெட்டி போகும்வரை பிளாட்பாரத்தில் நின்று பார்க்க வேண்டும். அது வேலையில் விதி. அப்படியே நின்று, கோடு முழுதும் ஓடி மறையும்வரை பார்த்தார்.

கடைசியாக ஒரு பெட்டி வந்தது. ‘ஏன் நீக்கினீர்கள்? உங்கள் குறையைத் தெரிவியுங்கள்’ என்று கேட்டுக் கீழே காலி இடம் விட்டிருந்தது. யாரும் அதை நிரப்புவதில்லை. தெய்வசிகாமணி ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தார்.

‘உங்கள் மேல் தப்பில்லை. எழுப்பி விட்டதற்கு நன்றி. நான்தான் உங்களை விடவில்லை.’

அனுப்பினார். கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி போட்டார். திரை வந்தது. மணி அடிக்கவில்லை. குரல் வரவில்லை. மாடியில் யாரோ சிக்ஸர் அடித்திருக்க வேண்டும், கைதட்டல் கேட்டது.

“வரலை சாமி,” என்று திரும்பினார்.

நாற்காலி காலியாக இருந்தது. காப்பி டம்ளர் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தது. வாசலுக்கு ஓடினார். தெருக்கோடியில் சாமி போய்க்கொண்டிருந்தார். நடுத்தெருவில் படுத்திருந்த நாயிடம் குனிந்து ஏதோ கேட்டார். அது எழுந்து வழி விட்டது.

தெய்வசிகாமணி வாசலில் நின்றே கும்பிட்டார். சாமி திரும்பிப் பார்க்கவில்லை.

*

போன் மணி வெகுநேரம் அடித்தது.

“சொல்லுங்க,” என்றாள் பூரணம்.

“எடுத்துட்டேன்.”

போனில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

“கடைக்காரர் வந்து எடுத்தாரா?”

“இல்லை. நான்தான் எடுத்தேன். இத்தனை நாள் போக விடாமத் திறந்து வச்சிருந்ததும் நான்தான்.”

அவளுக்கு அது விளங்கியிருக்காது. ஆனால் அவர் குரல் விளங்கியது.

“பூரணம், அன்னைக்கு நீ பையை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்த. நான் உன்னைப் பார்க்கலை. அதைப் பார்த்துக்கிட்டு நின்னேன். அத்தை முகத்தை நீ பார்க்காமப் போனது என்னாலதான். இனிமே அதை நான் சரி பண்ண முடியாது.”

“முடியாதுங்க,” என்றாள். அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“முடியாது,” என்றார் அவரும்.

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“இன்னொண்ணு. நான் நில்லுன்னு சொன்னப்பல்லாம் நின்ன. சர்வீஸ்ல இருந்தப்பவும் நின்ன, அப்புறமும் நின்ன. நான் ஒரு நாள்கூட ஒரு வார்த்தை சொன்னதில்லை. ரொம்ப நன்றி பூரணம்.”

“என்னங்க இது, யாரோ மூணாவது மனுஷிகிட்டப் பேசுற மாதிரி.” அழுகைக்கு நடுவில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. “சாப்பிட்டீங்களா?”

“இல்லை. நான் வந்து உன்னைக் கூட்டிட்டு வரட்டுமா?”

“எப்ப?”

“இப்பவே கிளம்புறேன்.”

“இப்ப நேரம் எப்படிங்க இருக்கு?”

பழக்கத்தில் கேட்டாளா, ஆழம் பார்க்கக் கேட்டாளா, அவருக்குத் தெரியாது. அவர் தலை தானாகத் திரையின் பக்கம் திரும்பியது. மூலையில் ஒன்றுமில்லை.

“தெரியலை பூரணம்.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவர் ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றார். எத்தனையோ ஸ்டேஷன்களில் அப்படி நின்றவர்தான்.

“லைன் கிளியர்,” என்றாள்.